நமீபியா கார் பயணத்தின் நடுவே ஸ்வாகோப்முண்டில் மூன்று இரவு தேவையா?

கேள்வி இது: ஜூலையில் இரண்டு வாரம் நமீபியா போகிறார்கள். வின்ட்ஹூக்கில் வாடகை வண்டி எடுத்து, தெற்கே சோசஸ்ஃப்ளே மணல்மேடுகள், அங்கிருந்து மேற்கே கடலோரத்தில் ஸ்வாகோப்முண்ட், பிறகு வடக்கே டமாராலேண்ட் பகுதி, எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, திரும்பவும் வின்ட்ஹூக். கணவன் மனைவி இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள். பின் இருக்கையில் பத்து வயது மகளும் 68 வயது அம்மாவும். ஸ்வாகோப்முண்டில் மூன்று இரவு பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே போய்வந்த நண்பர், "அங்கே குளிரும் மூடுபனியும்தான் இருக்கு, ஒரு ராத்திரி தங்கிட்டுக் கிளம்பு, மிச்சம் ரெண்டை எட்டோஷாவுக்குக் கொடு" என்கிறாராம். எது சரி?

மூன்றையும் அப்படியே விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டாகக் குறைக்கலாம். ஒரு இரவு என்றால் அந்த ஊருக்குப் போகவே வேண்டாம், அது வீண் சுற்று. அந்தப் பக்கம் வேலை நிமித்தம் வருடக்கணக்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஜூலையில் பகலில் 18 டிகிரி தொட்டால் நல்ல நாள். ராத்திரி பத்துக்குப் பக்கத்தில் இறங்கும். காலையில் எழுந்து திரையை விலக்கினால் எதிர்வீடு தெரியாது. கடற்கரை என்றதும் நமக்கு வேர்வையும் சுண்டலும்தானே ஞாபகம் வரும். இது கொடைக்கானல் பனியைக் கொண்டுவந்து மெரினாவில் இறக்கிவிட்ட மாதிரி. பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியல் போட்டால் அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் வரைபடத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் நான்கைந்து நாள் சரளைச் சாலை. அதற்குப் பின்னாலும் அதே. நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே எல்லா இடத்துக்கும் போகக்கூடிய, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற, டயர் கடையும் மருந்துக் கடையும் உள்ள ஒரே ஊர் அதுதான்.

சரளைச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இது புரிவது கஷ்டம். நமீபியாவில் முக்கிய நெடுஞ்சாலைகள் மட்டும்தான் தார். சி, டி என்று தொடங்கும் சாலைகளில் பெரும்பாலானவை சரளை. கிரேடர் வண்டி சமன் செய்துவிட்டுப் போன மறுநாள் அருமையாக இருக்கும். சில வாரம் கழித்துப் போனால் சாலைக்குக் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் விழுந்திருக்கும். அதன்மேல் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஸ்டீயரிங்கை விட்ட பிறகும் உள்ளங்கை அதிர்ந்துகொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடுப்பு. எதிரே ஒரு வண்டி வந்தால் தூசித் திரை விழுந்து, சில விநாடி எதுவுமே தெரியாது. கண்ணாடியை எவ்வளவு இறுக்கி ஏற்றினாலும் பல்லில் மணல் நறநறக்கும்.

நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் நம் ஆட்கள் தைரியமாகவே ஓட்டுவார்கள், அங்கேதான் சிக்கல். சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே நடக்கிற மோசமான விபத்துகளில் பல, எதிலும் மோதாமல் தானாகவே உருண்டவை. உதிரிக் கல்லில் பின்சக்கரம் லேசாக வழுக்கும், பதறி பிரேக்கை மிதிப்பார்கள் அல்லது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்புவார்கள், உயரமான வண்டி சாய்ந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே இதை எழுதியிருப்பார்கள், வண்டியில் கண்காணிப்புக் கருவியும் வைத்திருப்பார்கள். வேகம் ஒரு பாதி என்றால் களைப்பு இன்னொரு பாதி. பயணத்தின் முதல் நாள் எல்லோருமே கவனமாகத்தான் ஓட்டுவார்கள். ஐந்தாம் நாள் "இதெல்லாம் பழகிடுச்சு" என்ற எண்ணமும் தூக்கமும் சேர்ந்து வரும். இடையில் இரண்டு முழு நாள் சாவியைத் தொடாமல் இருப்பது அதற்காகத்தான்.

சோசஸ்ஃப்ளேயின் நுழைவாயிலான செஸ்ரியத்திலிருந்து ஸ்வாகோப்முண்டுக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். நிறுத்தங்களோடு ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் மணல்மேடு ஏறி இறங்கிவிட்டு அன்றைக்கே கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மேடு ஒரு நாள், சாலை மறுநாள். எட்டு மணிக்குக் கிளம்பினால் முதல் 80 கிலோமீட்டரில் சாலிடேர் வரும். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, மணலில் பாதி புதைந்து துருப்பிடித்த பழைய கார்கள், அந்தப் பாலைவனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் புகழ்பெற்ற ஆப்பிள் பை. டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், பையும் சாப்பிடுங்கள், அம்மாவைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஸ்வாகோப்முண்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ள துறைமுக நகரமான வால்விஸ் பே வரை 230 கிலோமீட்டருக்கு எதுவும் கிடையாது.

வழியில் மகர ரேகைப் பலகை ஒன்று நிற்கும். எல்லோரும் இறங்கி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் கௌப், குய்செப் என்று இரண்டு கணவாய்கள். குய்செப் பள்ளத்தாக்கில்தான் இரண்டாம் உலகப் போரின்போது ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரண்டு ஜெர்மன் நிலவியலாளர்கள், தென்னாப்பிரிக்க அரசு பிடித்து முகாமில் அடைத்துவிடும் என்று பயந்து, ஒரு நாயோடு போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஒளிந்து வாழ்ந்தார்கள். மேலே நின்று அந்த வெற்றுப் பாறை மடிப்புகளைப் பார்த்தால் தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும். உங்கள் மகளுக்குச் சொல்ல நல்ல கதை.

கணவாய் இறங்கினால் தட்டையான வெளி, நூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே வண்டியின் வெப்பமானியைக் கவனிக்கச் சொல்லுங்கள். 25 என்று காட்டிக்கொண்டிருந்தது, கடலை நெருங்க நெருங்க 22, 19, 16 என்று இறங்கும். வானத்தின் அடியில் மேற்குப் பக்கம் ஒரு சாம்பல் பட்டை தெரியும். மேகம் என்று நினைப்பீர்கள். அரை மணியில் அதற்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பகலாக இருந்தாலும் முகப்பு விளக்கைப் போட்டுவிடுங்கள்.

இந்தப் பனிக்குக் காரணம் பெங்குவேலா நீரோட்டம். தெற்கிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடும் குளிர்ந்த கடல்நீர். போதாததற்குத் தெற்குக் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்திலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரின்மேல் வருகிற ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. மழையாக முடியாது: கீழே குளிர்ந்த காற்று, மேலே பாலைவனத்தின் சூடான காற்று, மூடி போட்டது போல் இருப்பதால் மேலே எழும்பவே வழியில்லை. அதனால்தான் வருடத்துக்கு 20 மில்லிமீட்டர் மழை பெய்வதே அரிதான இடத்தில், ஆண்டின் பல மாதம் காலையில் சுவரெல்லாம் நனைந்து நிற்கிறது. ஆழத்து நீரோடு சத்துகளும் மேலே வருவதால் மீன்வளம் கொழிக்கிறது. வால்விஸ் பே துறைமுகம் பிழைப்பதில் அதற்குப் பெரிய பங்கு.

ஒன்று சொல்லிவைக்கிறேன். ஜூலை என்பதால் எப்போதாவது கிழக்குக் காற்று அடிக்கும். பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட காற்று. முதல் நாள் 15 டிகிரியில் ஸ்வெட்டரோடு நடுங்கியவர்கள் மறுநாள் 30-க்கு மேல் வெந்துகொண்டிருப்பார்கள், காற்றில் மணல் ஊசியாகக் குத்தும். அன்றைக்கு வெளியே போகாமல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். வண்டி ஓட்டியே ஆக வேண்டுமென்றால் காற்று குறையும் வரை பொறுங்கள். மணல் அடித்தால் வண்டியின் பெயிண்ட்டும் கண்ணாடியும் தேய்ந்துவிடும், வாடகைக் காப்பீட்டில் பல சமயம் இது சேர்க்கப்பட்டிருக்காது.

தங்குமிடம் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். அங்கே பல வீடுகளிலும் விடுதிகளிலும் அறையைச் சூடாக்கும் ஏற்பாடே இருக்காது. வருடம் முழுக்கக் குளிர்கிற ஊரில் இப்படி ஏன் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதிவு செய்த இடத்துக்கு இப்போதே எழுதி, ஹீட்டரோ மின்போர்வையோ உண்டா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அம்மாவுக்கு அது கட்டாயம் வேண்டும். இரண்டாவது, பூட்டிய வளாகத்துக்குள் வண்டி நிறுத்துமிடம். பொருள் நிறைந்த வண்டியைத் தெருவில் விட்டால் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது நடக்கிறது. பகலில் கடைத்தெருவில் பளிச்சென்ற மேலங்கி போட்ட காவல்காரர் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். திரும்பி வந்ததும் கொஞ்சம் சில்லறை கொடுப்பது வழக்கம். மூன்றாவது, சமையலறை உள்ள வீடாக எடுங்கள்.

சமையலறை ஏன் என்றால், ஐந்து நாள் லாட்ஜ் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு ரசம் வேண்டியிருக்கும். உங்களுக்கும்தான். சூப்பர் மார்க்கெட்டில் டேஸ்டிக் என்றொரு அரிசி கிடைக்கும், தென்னாப்பிரிக்கப் புழுங்கல் அரிசி, நீளமாக இருக்கும், உதிரியாக வேகும். ரசத்துக்கும் தயிருக்கும் பழுதில்லை. பருப்பு, தக்காளி, வெங்காயம், தயிர் எல்லாம் உண்டு. புளியும் ரசப்பொடியும் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். அங்குள்ள பிளக்கு நம்மூர் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் வகைதான். கொண்டுபோகிற மின் குக்கரின் சின்ன பிளக்கு பொருந்தாது, அதற்கொரு மாற்றி வேண்டும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் காபல்யோ கேளுங்கள். நம்மூர்க் கத்தாழை வகையைச் சேர்ந்த மீன், இங்கே பெரிதாக வளரும், சதை வெள்ளையாக, முள் தொல்லை இல்லாமல் இருக்கும். வால்விஸ் பேயில் வளர்க்கும் சிப்பிக்கும் பெயர் உண்டு. பழக்கமில்லாவிட்டால் பயண நடுவில் பரிசோதனை வேண்டாம் என்பேன். பேக்கரிகளில் ஜெர்மன் வாசனை இன்னும் போகவில்லை. காலையில் சின்னச் சின்ன ரொட்டி உருண்டைகள், சாயங்காலம் ஆப்பிள் ஸ்ட்ரூடல். பக்கத்து மேஜையில் ஜெர்மன் பேசுவார்கள், பரிமாறுகிறவர் உங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், உள்ளே திரும்பி ஓஷிவாம்போவிலோ டமாரா மொழியிலோ பேசுவார். சனிக்கிழமை மதியத்தோடு பல கடைகள் சாத்திவிடும், ஞாயிறு ஊரே தூங்கும். வருகிற கிழமை வார இறுதியானால் மளிகையை முன்னாலேயே வாங்கிவையுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று; ராண்டும் செல்லும்.

சரி, மூன்று இரவில் என்ன செய்வது?

வந்து சேரும் நாள் எதுவும் வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, படுங்கள். அழுக்குத் துணியைச் சலவைக் கடையில் போட்டுவிடுங்கள். உலர்த்தும் இயந்திரம் உள்ள கடையாகப் பார்த்துப் போடுங்கள். வீட்டில் துவைத்து வராந்தாவில் கயிறு கட்டினால் மூன்றாம் நாள் காலையிலும் ஜீன்ஸ் முதல் நாள் போலவே ஈரமாகத் தொங்கும்.

இரண்டாம் நாளும் திட்டம் எதுவும் போடாதீர்கள். பனி பத்து பதினொரு மணி வரை இருக்கும், அதுவரை தூங்கலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அப்புறம் கடலோரமாக நடங்கள். மோல் என்று சொல்கிற அலைதடுப்புச் சுவரில் தொடங்கி, சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற கலங்கரை விளக்கம், தெற்கே இரும்புப் பாலம் வரை, மெதுவாக நடந்தாலே போதும். அம்மாவுக்கும் கஷ்டமில்லாத சமதளம். பாலத்தின் நுனியில் உணவகம் இருக்கிறது. காற்று வாங்கிக்கொண்டு டீ குடிக்கலாம். தண்ணீரில் இறங்கும் ஆசை மட்டும் வேண்டாம். மோலை ஒட்டிய சின்னக் கரையில் குழந்தைகள் கால் நனைப்பார்கள், அதோடு சரி. மற்ற இடங்களில் இழுப்பும் பலம், தண்ணீரும் சில்லென்று எலும்பைத் தொடும்.

நடக்கும்போது கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் ஒரு தோற்றுப்போன திட்டம் என்பது தெரிந்தால் ஊர் சுவாரசியமாகிவிடும். இந்தக் கரையில் நல்ல இயற்கைத் துறைமுகம் வால்விஸ் பே. அது பிரிட்டிஷார் கையில் இருந்தது. ஜெர்மானியர்களுக்குத் தங்கள் காலனிக்கென்று ஒரு இறங்குதுறை வேண்டும், எனவே 1892-இல் 35 கிலோமீட்டர் வடக்கே, துறைமுகத்துக்கு எந்தத் தகுதியும் இல்லாத இந்தத் திறந்த கரையில் ஊரை நிறுவினார்கள். கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்த க்ரூ இனப் படகோட்டிகள் அலைகளுக்கு நடுவே படகு தள்ளி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். 1899-இல் தொடங்கி 1903-இல் மோலைக் கட்டி முடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே மணல் வந்து அடைத்துக்கொண்டது. பிறகு மரப்பாலம். பிறகு 1912-இல் இரும்புப் பாலம் தொடங்கினார்கள், முதல் உலகப் போர் வந்தது, பாதியோடு நின்றது. நீங்கள் டீ குடிக்கப் போவது அந்தப் பாதியில்தான். வால்விஸ் பேயோ அதற்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்து, நமீபியா சுதந்திரம் பெற்ற 1990-க்கும் பிறகு, 1994-இல்தான் தென்னாப்பிரிக்காவிடமிருந்து அந்நாட்டோடு சேர்ந்தது.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே பி-2 சாலை ஓரத்தில் ஒரு கட்டடத்துக்குள் நிற்கிற நீராவி இழுவை வண்டி. மாட்டு வண்டிகளுக்குப் பதிலாக இதை வைத்துப் பாலைவனத்தைக் கடக்கலாம் என்று 1896-இல் ட்ரோஸ்ட் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மனியிலிருந்து இறக்கினார். வால்விஸ் பேயில் இறங்கிய வண்டி ஸ்வாகோப்முண்டுக்கு வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது. மணலில் புதையும், தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீராகக் குடிக்கும். சில பயணங்களோடு ஓரிடத்தில் நின்றது, நின்றதுதான். "இங்கே நிற்கிறேன், வேறெதுவும் செய்ய என்னால் முடியாது" என்று மார்ட்டின் லூதர் சொன்னதாக வழங்கும் வாசகத்தை வைத்து ஊர்க்காரர்கள் அதற்கு மார்ட்டின் லூதர் என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். வாடகை வண்டியை மணலில் இறக்கலாமா என்று யோசிக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அழகான பழைய கட்டடங்கள், கேக், அலை என்றே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 1904-இல் ஹெரேரோ மக்கள் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் தளபதி ஃபான் ட்ரோத்தா அவர்களை அழித்தொழிக்கும் ஆணையே பிறப்பித்தார். நாமா மக்களும் போரில் இறங்கினார்கள். உயிரோடு பிடிபட்டவர்களை முகாம்களில் அடைத்தார்கள். அதில் ஒன்று ஸ்வாகோப்முண்ட். உள்நாட்டின் சூட்டிலும் வெயிலிலும் வாழ்ந்து பழகிய மக்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் கப்பல் சரக்கு இறக்கவும் ரயில் பாதை போடவும் வேலை வாங்கினார்கள். உடுத்தச் சாக்கு, பட்டினி, அடி. அதோடு இந்தக் குளிரும் ஈரமும். நிமோனியாவிலும், சத்துக்குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நாம் ஓய்வெடுக்கப் போகிற அதே பனிதான்.

நகர இடுகாட்டுக்குப் பின்புறம், ஸ்வாகோப் ஆற்றுப் பக்கமாக, பெயரில்லாத சின்னச் சின்ன மணல் குவியல்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. சிலவற்றைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். அவர்களுடைய கல்லறைகள் அவை. ஒரு நினைவுக் கல் உண்டு. ஊர் நடுவிலோ அந்தப் போரில் இறந்த ஜெர்மன் கடற்படை வீரர்களுக்கு 1908-இல் வைத்த சிலை கம்பீரமாக நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லிக் கோரிக்கைகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு வாய்விட்டு ஒப்புக்கொண்டது 2021-இல். இடுகாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குவியல்களுக்கு நடுவே மிதித்து நடக்காமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பத்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லலாமா என்பது உங்கள் முடிவு; நானாக இருந்தால் சொல்வேன்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு வெளிச்சுற்று. ஓட்டுவது வேறொருவராக இருக்க வேண்டும், அதுதான் என் நிபந்தனை. காலையில் உள்ளூர் வழிகாட்டிகள் தங்கள் ஜீப்பில் மணல்மேடுகளுக்குக் கூட்டிப் போய்ச் சின்ன உயிரினங்களைக் காட்டுகிற அரை நாள் சுற்று இருக்கிறது. மகளுக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பேன். வழிகாட்டி மணலில் ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்து வண்டியை நிறுத்துவார். குனிந்து கையால் மெல்ல மணலைத் தள்ளுவார். உள்ளே கண்ணாடி போன்ற தோலோடு, விரல்களுக்கு நடுவே சவ்வு வைத்த பல்லி ஒன்று விழித்துப் பார்க்கும். இமை கிடையாது அதற்கு. பனித்துளி கண்ணில் படிந்தால் நாக்காலேயே நக்கிக் குடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் நகரும் குட்டி விரியன், கறுப்பும் வெளுப்புமாக நிறம் மாற்றும் பச்சோந்தி என்று வரிசையாக வரும். பனி நாட்களில் மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே வைத்துப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும் வண்டு ஒன்றும் இந்தப் பாலைவனத்தில் உண்டு. முதுகில் படிகிற பனிநீர் வழிந்து வாய்க்கே வந்துவிடும். நமக்கு எரிச்சலூட்டுகிற பனிதான் அதற்குக் குடிநீர்.

அம்மாவுக்கு மணலில் ஏறி இறங்கும் ஜீப் ஒத்துவராது என்றால் வால்விஸ் பே காயல் போதும். தார்ச் சாலையில் அரை மணி நேரம். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும், வண்டியை விட்டு இறங்காமலே பார்க்கலாம். வழி முழுக்க ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மணல்மேடு.

வெல்விட்சியா என்ற செடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: வாழ்நாள் முழுக்க இரண்டே இலை, அவற்றில் சில செடிகள் ஆயிரம் வருடத்தைத் தாண்டி நிற்பவை. ஊருக்குக் கிழக்கே அதைப் பார்க்கத் தனிப் பாதை இருக்கிறது, முன்னதாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நல்ல இடம்தான், ஆனால் மறுபடியும் சரளைச் சாலை. ஓய்வு நாளில் வேண்டாம். டமாராலேண்ட் போகும்போது வழியிலேயே வெல்விட்சியா கண்ணில் படும்.

நான்கு சக்கர பைக், மணல் சறுக்கு, விமானத்திலிருந்து குதிப்பது எல்லாவற்றுக்கும் அங்கே கடை உண்டு. இளைஞர்கள் குழுவாகப் போனால் சரி. உங்களுக்குத் தேவை ஓய்வு. எங்கே போனாலும் போட்ட தடத்தை விட்டு வண்டியை இறக்காதீர்கள். அந்தச் சரளை வெளியில் படர்ந்திருக்கும் பாசிக்காளான் திட்டுகள் தலைமுறைக் கணக்கில் வளர்ந்தவை. ஒருமுறை டயர் பதிந்தால் தடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே கிடக்கும்.

வண்டிக்கும் ஓய்வு நாளில் வேலை இருக்கிறது. ஓய்வின் முதல் நாளே டயர் கடைக்குக் கொண்டுபோய் ஐந்தையும், அதாவது உபரிச் சக்கரத்தையும் சேர்த்து, பார்க்கச் சொல்லுங்கள். சரளைக் கல் பக்கவாட்டுச் சுவரில் போட்ட கீறல் வெளியே தெரியாது; கையால் தடவினால் தட்டுப்படும். கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி இருந்தால் அங்கேயே பசை வைத்து அடைத்துவிடலாம், விட்டால் வடக்கே போவதற்குள் நீளமாக விரிசல் ஓடிவிடும். சக்கரத் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். காற்று வடிகட்டியைத் தட்டிப் போடுவார்கள். கிளம்பும் முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் உப்பு போகும். உபரிச் சக்கரம் இரண்டு கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் நிம்மதி.

எட்டோஷா விஷயம்: ஜூலை அங்கே வறண்ட காலம், மிருகங்கள் நீர்நிலைகளைத் தேடி வந்துவிடும். மூன்று இரவு அங்கே தாராளம். நான்காவது, ஐந்தாவது இரவு சேர்த்தால் மகளே "இன்னொரு வரிக்குதிரையா" என்று கேட்பாள். எனவே நண்பரின் கணக்கில் லாபம் இல்லை.

கிளம்பும் நாள் காலை ஆறு மணிக்கே வண்டியை எடுக்க வேண்டாம். கடலோரத்தில் ஜிப்சத்தையும் உப்புநீரையும் கலந்து கெட்டிப்படுத்திய உப்புச் சாலைகள் உண்டு; பார்த்தால் தார் போலவே இருக்கும், பனியில் நனைந்தால் சோப்பு போட்டதாக வழுக்கும். ஒன்பதரை, பத்துக்குக் கிளம்புங்கள். வடக்கே ஹென்டிஸ் பே என்ற கடலோர ஊருக்குப் போகிற வழியில் 2008-இல் கரைதட்டிய சைலா என்ற மீன்பிடிக் கப்பல் அலையில் சாய்ந்து நிற்கும், நீர்க்காகங்கள் குடியிருக்கின்றன. ஐந்து நிமிட நிறுத்தம். அங்கே சுற்றி நின்று கல் விற்கிறவர்களிடம் விருப்பமிருந்தால் மட்டும் பேச்சுக் கொடுங்கள். அதற்கும் வடக்கே கேப் கிராஸில் பல்லாயிரக்கணக்கான கடல்நாய்கள் கரையில் கிடக்கும். 1486 வாக்கில் போர்ச்சுகீசிய மாலுமி தியோகோ காவ் கல் சிலுவை நட்ட இடமும் அதுதான். பார்க்க அதிசயம், நாற்றம் சொல்லி மாளாது, துணியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அம்மாவுக்கு வாந்தி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் நீங்கள் ஹென்டிஸ் பேயிலேயே உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிடலாம்.

அங்கிருந்து உய்ஸ் என்ற சிற்றூர் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கொஞ்ச தூரத்திலேயே பனி முடிந்து வெயில் வந்துவிடும், ஸ்வெட்டரைக் கழற்றிப் பின்னால் போடலாம். வலது பக்கம் தூரத்தில் ஸ்பிட்ஸ்கோப்பே கூர்ப்பாறை தெரிந்தால் அதிர்ஷ்டம். உய்ஸில் பெட்ரோல் நிரப்பி, சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே டமாராலேண்டில் உள்ள ட்வைஃபெல்ஃபோன்டைன் போய்ச் சேர வேண்டுமென்றால் மதியம் ஒன்றரைக்குள் உய்ஸை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஜூலையில் ஆறரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும், இருட்டில் அந்தச் சாலைகளில் கூடு என்ற பெரிய மானும் கழுதையும் குறுக்கே வரும். ஒன்றரை தாண்டிவிட்டால் உய்ஸிலேயே அறை எடுத்துவிடுங்கள்.